மூன்று பாடம் மிச்சமிருக்கையில் மகள் ஓ.டி. ஆகப் போகிறாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

லண்டனில் கணக்கியல் பட்டத்தோடு வேலை பார்க்கும் இருபத்தொன்பது வயது மகள், ஏ.சி.சி.ஏ என்ற கணக்காளர் தொழில்முறைத் தேர்வில் மூன்று பாடம் மிச்சமிருக்கும்போது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி., நோயாளி அன்றாட வேலைகளைத் தானே செய்ய உதவுபவர்) ஆகப் போகிறேன் என்று நிற்பதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கலக்கம் விளங்குகிறது. ஆனால் "முதலில் அதை முடிக்கட்டும்" என்ற அவளுடைய பெரியப்பாவின் பேச்சை நான் ஏற்கமாட்டேன். வேலை செய்துகொண்டு அந்த மூன்றையும் முடிக்க ஒரு வருடம் வரை போகலாம், அதில் ஒன்றுகூட ஓ.டி. அனுமதிக்கு உதவாது. பட்டதாரிகளுக்கான மருத்துவப் படிப்பு என்று மாமா சொல்வது அதைவிடப் பிழை. நுழைவுத் தேர்வு, நான்கு வருடப் படிப்பு, பிறகு இரண்டு வருட அடிப்படைப் பயிற்சி. அதுவும் டாக்டராக விருப்பமில்லை என்று வாய்விட்டுச் சொன்ன பிள்ளைக்கு!

அம்மம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபிறகுதான் இந்த எண்ணம் வந்தது என்கிறீர்கள். அப்படியானால் அவள் வேலையைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். வார்டின் பயிற்சிக் குசினியில் நோயாளியைத் தேத்தண்ணி போடச் சொல்வது பொழுதுபோக்குக்கு இல்லை. இடப்பக்கம் வைத்த கோப்பை கண்ணில் படுகிறதா, போட்ட சீனியை மறந்து மறுபடி போடுகிறாரா, அடுப்பை அணைக்கிறாரா என்று பார்த்துத்தான் வீட்டில் தனியே விடலாமா என்ற முடிவுக்கு வருகிறார்கள். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்துதான் கதிரையின் உயரத்தைச் சொல்கிறார்கள். தேயிலைச் சாயம் வடித்துப் பழகிய கிழவியிடம் தேயிலைப் பையைக் கொடுத்துச் சோதித்தால் முடிவே பிழைத்துவிடும். உங்கள் மகளுக்கு அது சொல்லாமலே தெரியும்.

ஓ.டி. ஆவதற்கான மூன்று வருட பி.எஸ்ஸி, இரண்டு வருட எம்.எஸ்ஸி பற்றிப் பல்கலைக்கழகங்களே சொல்லும். இங்கிலாந்தில் அவற்றுக்கு மாணவர் கடனும், வருடத்துக்கு 5,000 பவுண் திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவியும் உண்டு. ஆனாலும் முழுநேரப் படிப்பில் சம்பளம் நின்றுவிடும்.

நம்மவர் அதிகம் கேட்காதது டிகிரி அப்ரென்டிஸ்ஷிப். அரச மருத்துவச் சேவையான என்.எச்.எஸ் அல்லது உள்ளூர் கவுன்சில் வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்தே படிக்க வைக்கும். பல்கலைக்கழகக் கட்டணத்தில் ஒரு பென்னிகூட மாணவரிடம் வாங்க முடியாது. ஏறத்தாழ நான்கு வருடம். 1,000 மணிநேர நோயாளிப் பயிற்சி முழுநேர மாணவர்களுக்குப் போலவே உண்டு. முடிவில் அந்தத் தொழில் செய்யத் தேவையான அதே எச்.சி.பி.சி பதிவு, அதே தொழிற்பெயர். முன்பே பட்டம் இருப்பது தடையில்லை, புதிய திறன் கற்கிறாள் என்றால் போதும். அப்ரென்டிஸ்ஷிப்பில் ஆறாம் நிலை என்பது இளநிலைப் பட்டத்துக்குச் சமம், ஏழாம் நிலை முதுநிலைக்குச் சமம். ஏழாம் நிலைக்கான அரச நிதி 2026 ஜனவரியிலிருந்து 21 வயதுக்கு மேற்பட்ட புதியவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே அவள் தேடவேண்டியது ஆறாம் நிலைதான். சேர்ந்தபிறகு மாணவர் கடனோ அந்த 5,000 பவுணோ கிடையாது.

இந்த இடங்கள் பல சமயம் வெளி விளம்பரத்துக்கே வருவதில்லை. ஏற்கெனவே அங்கே தெரபி அசிஸ்டன்டாக இருப்பவருக்கே முதலில் போகும். எனவே என்.எச்.எஸ் ஜாப்ஸ் தளத்தில் ஓ.டி. அசிஸ்டன்ட், ரீஹாப் அசிஸ்டன்ட் என்ற பெயர்களில் பாண்ட் 3 (என்.எச்.எஸ் சம்பளப் படிநிலை) வேலைகளைத் தேடட்டும். நேர்முகத்தில் "கடந்த சில வருடங்களில் எத்தனை உதவியாளர்களைப் படிக்க அனுப்பினீர்கள்?" என்று அவளே கேட்கவேண்டும். மழுப்பினால் அடுத்த இடத்தைப் பார்க்கட்டும். விண்ணப்பம் விழுவது பெரும்பாலும் பிசியோதெரபிக்கும் ஓ.டி-க்கும் வேறுபாடு தெரியாமல் "மக்களுக்கு உதவ ஆசை" என்று எழுதுவதால்தான். அந்தக் குசினியில் கண்டதை எழுதச் சொல்லுங்கள்.

காசு விஷயத்தில் நான் இளகமாட்டேன். பாண்ட் 3 சம்பளம் 2025-26இல் 24,937 பவுணில் தொடங்கியது, லண்டன் படி தனி. பதிவு பெற்றபின் வரும் பாண்ட் 5 அதே வருடம் 31,049. இடையிலுள்ள வருடங்களின் வாடகை, பயணம், பழைய மாணவர் கடன் பிடிப்பு எல்லாவற்றையும் மகளோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பயிற்சியில் ஒரு பகுதி வேறு இடங்களில் நடக்கும், பயணக் காசையும் சேருங்கள். வீட்டின் மேல் மறுகடன் எடுக்கவேண்டாம், நகையில் கைவைக்கவேண்டாம். இந்த வழிக்கு அவை தேவையே இல்லை.

இப்போதைய வேலையை அவள் இன்று விடக்கூடாது. அசிஸ்டன்ட் வேலைக்கான கடிதம் கைக்கு வந்து, பின்னணிச் சோதனையும் உடல்நலச் சோதனையும் முடிந்து, தொடங்கும் திகதி எழுத்தில் வந்தபிறகு ராஜினாமா கொடுக்கட்டும்.