அண்ணன் படிக்கும் வகுப்புக்கே தங்கையை ஏற்றலாமா?

மூன்றாம் வகுப்பு மகள் ஐந்தாம் வகுப்புக் கணக்கைப் போடுகிறாள், அவளை இப்போதே நான்காம் வகுப்புக்கு மாற்றலாம் என்கிறது பள்ளி, ஆனால் அண்ணனும் அங்கேதான் படிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள்.

அண்ணன் விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். வகுப்பு தாண்டுவதை முடிவுசெய்ய உதவும் 'அயோவா ஆக்ஸிலரேஷன் ஸ்கேல்', உடன்பிறந்தவர் அதே வகுப்பில் இருந்தாலோ குழந்தைக்கே விருப்பமில்லை என்றாலோ வேண்டாம் என்றே சொல்கிறது.

கணக்கில் மட்டும்தான் முந்துகிறாள் என்றால் கணக்கை மட்டும் நகர்த்துங்கள். அந்த ஒரு பாடவேளைக்கு ஐந்தாம் வகுப்பில் போய் உட்காரட்டும். அதற்கு முன் அந்த வகுப்பின் ஆண்டுத் தேர்வுத் தாளைக் கொடுத்துப் பாருங்கள். என் மகன் பெருக்கலில் பறந்தான், பின்னக் கூட்டலில் நின்றுவிட்டான். அந்த இடத்தை மட்டும் இரண்டு வாரத்தில் சரிசெய்தோம். அப்புறம், இரு வகுப்புகளின் கணக்குப் பாடவேளையும் ஒரே நேரத்தில் வருமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். எங்களுக்கு இழுபறியானது அதில்தான்.