மூடிக்குக் கீழே மஞ்சள் கோடு

வாகனக் கேள்வி – பதில்
(பதில் சொல்பவர் கிளிநொச்சியில் நெடுங்காலமாக வாகனங்களுக்குப் பெயின்ற் அடித்துவரும் கராஜ்காரர்)

கேள்வி: அண்ணை, என்னிடம் இருப்பது வெள்ளை அல்ட்டோ. பெற்றோல் செட்டில் அடிக்கும்போது 'டக்' என்று நின்ற பிறகும் பெடியன் இன்னும் இரண்டு தரம் அமத்திக் கணக்கை முழு ரூபாவாக்குவான். வழிந்ததைத் தன் துணியால் ஒரு இழுவை இழுத்துவிடுவான். இப்போது மூடிக்குக் கீழே நாலு விரல் நீளத்துக்கு மஞ்சள் கோடு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய் என்கிறார் ஒருவர், பற்பசை என்கிறார் இன்னொருவர். அந்தப் பக்கம் முழுக்கப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்கிறார் ஒரு பாஸ். எதைக் கேட்பது?
– முறிகண்டி வாசகர்

பதில்: மூன்றையும் விடுங்கள் தம்பி. முதலில் காரை நிழலில் நிறுத்தி, கோட்டின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வழுவழு என்று போனால் பெயின்றுக்கு ஒன்றுமில்லை, கறை மேலே குந்தியிருக்கிறது. நகம் தடக்கினால், தோல் சுருங்கியதுபோலத் தெரிந்தால், அப்போதுதான் பாஸ் சொன்னதை யோசிக்க வேண்டும். அதுவும் அந்த இடத்துக்கு மட்டும்.

கொம்பனியில் அடித்து வரும் காரில் நிறத்துக்கு மேலே கிளியர் என்ற கண்ணாடிப் பூச்சு இருக்கிறது. தடிப்பு 40, 50 மைக்ரோன் அளவு, தலைமயிரை விட மெல்லியது. ஆனால் நன்றாக இறுகிய கிளியர் ஒரு நிமிடப் பெற்றோலுக்குப் பயப்படாது. பெற்றோல் பறந்துவிடும். அதோடு வந்த சாயமும் பிசினும் பறக்காது. அவை அங்கேயே இருந்து வெயிலில் வேகும். அடுத்த கிழமை அதன் மேல் இன்னொரு படை. உங்கள் கோடு ஒரு நாளில் வந்ததில்லை.

எனக்குப் பெற்றோலைவிட அந்தப் பெடியனின் துணியில்தான் கோபம். ஏ9 இலிருந்து உள்ளே இறங்கினால் நம்முடைய பாதைகளில் பாதி கிரவல். கார் முழுக்கச் செம்புழுதி. அதன் மேல் காய்ந்த துணியை இழுத்தால் அது துணி இல்லை, மண்கடதாசி. சிந்தினால் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு தண்ணீர். பெற்றோல் தண்ணீரோடு கலக்காது, ஆனாலும் ஓடும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும். ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு மெல்லிய துணியும் டிக்கிக்குள் கிடக்கட்டும். ஒற்றிய துணியைக் காருக்குள் போடாதீர்கள். மணம் மட்டும் இல்லை, நெருப்புக்கும் அது நல்ல தீனி.

இருக்கிற கறைக்கு வருவோம். பின்னேரம், காரின் தகடு ஆறிய பிறகு, கார் ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சுண்ணாம்பு கூடியது, வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி போட்டுவிடும். ஆகவே உடனே துடையுங்கள். மிச்சம் இருக்கும் மஞ்சளுக்கு, பாமசியில் விற்கும் ஸ்பிரிட்டில் பாதி, தண்ணீர் பாதி கலந்து, துணியை நனைத்து அரை நிமிடம் ஒற்றி எடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மெல்லிய பொலிஷ். கையால், இரண்டு விரலில் துணி சுற்றி, அந்தக் கோட்டில் மட்டும். மெஷின் வேண்டாம், விளிம்பில் மெஷின் வைத்தால் கிளியர் போன இடம் தெரியாது.

மண்ணெண்ணெய் பெயின்றைத் தின்னாது, ஆனால் எண்ணெய்ப் படையை விட்டுப் போகும், புழுதி வந்து ஒட்டும். தார்ப் புள்ளி எடுக்க அது நல்லது, இதற்கு இல்லை. பற்பசை பல்லுக்கு.

இதெல்லாம் உங்கள் காரில் கொம்பனிப் பெயின்ற் இருந்தால். முந்தைய சொந்தக்காரர் எங்காவது, தின்னர் பறந்து காயும் என்சி என்ற பெயின்ற் அடித்து விற்றிருந்தால் கதை வேறு. அதைப் பெற்றோல் இளக்கும், ஸ்பிரிட்டும் தொடக் கூடாது. மூடிக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டுப் பொலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் மேலே கிளியர் இல்லை. உங்கள் கார் வெள்ளை, ஆகவே கறுத்தத் துணி எடுங்கள். வெள்ளைத் துணியில் தேய்த்துவிட்டு "ஒன்றும் ஏறவில்லை" என்று எனக்கு எழுதிய ஆட்கள் இருக்கிறார்கள்.

கறை போனதும் வக்ஸ் பூசுங்கள். பெற்றோல் பட்டால் வக்ஸ் கரைந்து போகும். போகட்டும், பெயின்றுக்கு முன்னால் அது போவதற்காகத்தான் பூசுகிறோம். கார் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒரு தரம் என்றால், மூடியைச் சுற்றி மாதம் ஒரு தரம்.

அப்புறம் அந்த 'டக்'. குழாய் நுனியில் ஒரு சிறு ஓட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அடிக்கும்போது அது காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். பெற்றோல் ஏறி அந்த ஓட்டையை மூடியதும் காற்று தடைப்பட்டு விசை விழுகிறது. அதாவது, கழுத்துவரை வந்துவிட்டது என்று குழாயே சொல்கிறது. அதற்கு மேல் அமத்துவது வெளியே ஊற்றத்தான். நிலத்தடித் தாங்கியிலிருந்து வரும் பெற்றோல் குளிர்ச்சியானது. உங்கள் 35 லீற்றர் தாங்கியில் அது பத்துப் பாகை சூடேறினால் கால் லீற்றருக்கு மேல் பெருக்கும். கழுத்துவரை நிரப்பிவிட்டு வெயிலில் நிறுத்தினால் அதற்கு இடம் வேண்டாமா?

இன்னொன்று, இதை யாரும் பார்ப்பதில்லை. பல கார்களில் மூடியைத் திறந்தால் தெரியும் குழியின் அடியில் சிறு துவாரம் இருக்கும். சிந்தியது அதன் வழியே கீழே போக வேண்டும். நம்முடைய புழுதி அதை அடைத்துவிடும். பிறகு சிந்தியது குழிக்குள் தேங்கி, விளிம்பால் வழிந்து, அதே இடத்தில் கோடு போடும். ஒரு ஈர்க்கை விட்டு மெதுவாகக் குத்தித் தண்ணீர் ஊற்றுங்கள், பெற்றோல் மூடி இறுக்கமாக இருக்கட்டும். அடியால் தண்ணீர் வந்தால் சரி.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்துக்கு எரிபொருள் தடை இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே வந்திருக்காது. மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் எடுக்க மட்டும் சிறு போத்தலிலிருந்து நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விடுவோம். அதில் ஒரு சொட்டு வெளியே விழுந்தால் ஏச்சும் விழும். 2022 யூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனபோது திரும்பவும் அந்தக் கவனம் வரும் என்று நினைத்தேன். வந்தது வேறு. வீட்டில் கானில் வைத்திருந்த பெற்றோலை, வெட்டிய தண்ணீர்ப் போத்தலைப் புனலாக்கி ஊற்றினார்கள். இப்போதைய கார்களின் கழுத்துக்குள் ஒரு தகட்டுக் கதவு இருக்கிறது. நீண்ட மூக்கு அதைத் தள்ளினால்தான் உள்ளே போகும். கட்டைப் போத்தலில் ஊற்றியது எல்லாம் பக்கத்தால் இறங்கியது. பெற்றோல் இல்லாத அந்த வருடத்தில்தான் பெற்றோல் கறையோடு என்னிடம் அதிக கார்கள் வந்தன.

கேள்வி: மோட்டார் சைக்கிள் தாங்கிக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்தேன். மூடியைச் சுற்றித் தோல் சுருங்கிவிட்டது. மட்டமான பெயின்றா?
– புதுக்குடியிருப்பு வாசகர்

பதில்: அடித்து எத்தனையாம் நாள் பெற்றோல் விட்டீர்கள் என்று எழுதவில்லை. எழுதாததிலேயே விளங்குகிறது. சூட்டு அறை இல்லாமல் வெளியில் காயும் பெயின்ற், தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும். உள்ளே இறுக ஒரு மாதம் வேண்டும். நானும் செய்தேன். மாமாவின் தாங்கிக்குச் சிவப்பு அடித்து, மூன்றாம் நாள் அவர் நிற்க நிற்க ஓடிக் காட்டப் பெற்றோல் விட்டு, இரண்டு சொட்டுச் சிந்தி, சாரத்தால் துடைத்தேன். சிவப்பு சாரத்தில் வந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூட நோகடித்தது.

சுருங்கியதை இனிப் பொலிஷ் பண்ண முடியாது. அந்த இடத்தைச் சுரண்டி, ஹாட்னர் கலந்து அடிக்கும் 2கே கிளியரோடு திரும்ப அடியுங்கள். அதுவரை மூடியின் ரப்பரையும் பாருங்கள். கசிகிறது என்றால் எத்தனை தரம் அடித்தாலும் இதே கதிதான்.

கேள்வி: கடலுக்குப் போகும் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய்க் கான்களைப் பட்டா லொறியில் ஏற்றுகிறேன். தட்டில் பெயின்ற் உரிகிறது.
– முல்லைத்தீவு வாசகர்

பதில்: உரிப்பது மண்ணெண்ணெய் இல்லை, வலையோடு வரும் உப்புத்தண்ணீர். கான் உரசிய இடத்தில் பெயின்ற் பெயர, உப்பு உள்ளே போய்க் கறள் பிடித்து மேலே தள்ளுகிறது. கானுக்குக் கீழே சாக்குப் போடாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மரச் சட்டம் அடித்து அதன் மேல் வையுங்கள். கரைக்கு வந்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

கேள்வி: பொனெற்றில் பிரேக் ஒயில் சிந்திவிட்டது. பெற்றோல்தானே போல, பிறகு துடைக்கலாம் என்று விட்டேன்…
– வவுனியா வாசகி

பதில்: தங்கச்சி, பிரேக் ஒயிலுக்கு முன்னால் பெற்றோல் சாது. டொட் 3, டொட் 4 என்ற அதன் வகைகள் இரண்டும் பெயின்றை ஊற வைத்துக் கிளப்பிவிடும். ஆனால் அவை தண்ணீரில் கரையும், அது ஒன்றுதான் நமக்குச் சாதகம். துடைக்கக் கூட நிற்காமல் அந்த நிமிடமே வாளி வாளியாக ஊற்றியிருக்க வேண்டும். இப்போது தடித்துக் கிளம்பியிருந்தால், படம் எடுத்து அனுப்புங்கள், எவ்வளவு தூரம் சுரண்ட வேண்டும் என்று சொல்கிறேன்.