கீரை விதையை எறும்பு தூக்கிப் போகாமல் இருக்க

கேள்வி: மேலூர் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். ஜூனில் பிள்ளைகளை வைத்து இரண்டு சென்ட்டில் வெண்டையும் கீரையும் விதைத்தோம். கீரை முளைக்கவே இல்லை. வெண்டை அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து கருகிவிட்டது. விவசாயக் குடும்பத்தில் பிறக்காத நான் மறுபடி எப்படித் தொடங்குவது, என்ன சொல்லிக்கொடுப்பது?

பதில்: ஜூன் நம் பக்கத்துக்கு ஆகாது. வெயிலும் தணிந்திருக்காது, மேல்காற்றும் வீசும். காலையில் விட்ட தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஆடிப்பெருக்கை ஒட்டி, ஆகஸ்ட் முதல் வாரத்தில் விதையுங்கள். இரண்டு சென்ட்டும் வேண்டாம். ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளத்தில் நான்கு பாத்தி போதும். அகலம் அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் கை நடுவுக்கு எட்டாது, பாத்திக்குள் மிதித்து மண்ணை இறுக்கிவிடுவார்கள்.

விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பே பாடத்தைத் தொடங்கிவிடலாம். நூறு வெண்டை விதையை எண்ணி, ஈரத்துணியில் பத்துப் பத்தாக வரிசை பிடித்துச் சுருட்டி நிழலில் வையுங்கள். துணி காயக் கூடாது, தண்ணீர் சொட்டவும் கூடாது. ஏழாம் நாள் பிரித்து முளைத்ததை எண்ணினால் அதுதான் முளைப்புத்திறன் சதவீதம். ஐம்பதுக்குக் கீழே வந்தால் அந்த விதையை மாற்றிவிடுங்கள். எண்ணிப் பார்த்த பிள்ளைக்குச் சதவீதக் கணக்கைத் தனியாக நடத்த வேண்டியதில்லை.

கீரை முளைக்காததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். பொடி விதையை ஆழமாக மூடியிருப்பீர்கள், அல்லது எறும்பு தூக்கிப் போயிருக்கும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல் கலந்து தூவி, மேலே மண்ணைக் கையால் லேசாகத் தடவிவிட்டால் போதும். பாத்தியைச் சுற்றி அரிசி நொய் தூவுங்கள். எறும்பு அதைத் தூக்கப் போய்விடும். வாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு அடித்துப் போகும், செம்மண்ணின் மேற்பரப்பு காய்ந்து ஓடுபோல் இறுகியும்விடும். பூவாளிதான் சரி.

வெண்டையை முந்தின இரவே ஊறவைத்து, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில், செடிக்குச் செடி ஓரடி விட்டு ஊன்றுங்கள். சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். வெண்டை காய்க்க 45 நாள் ஆகும். சரியாகக் காலாண்டு விடுமுறையில் வந்து நிற்கும். பறிக்காமல் விட்டால் காய் முற்றி நார் ஏறும், புதுக் காய் பிடிப்பதும் குறையும். பள்ளிக்கு அருகில் வீடுள்ள நான்கு பிள்ளைகளிடம், ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தட்டைப்பயறைக் கட்டாயம் சேருங்கள். காய் செடியிலேயே காய்ந்தாலும் அது விதைக்கு ஆகும் என்பதால் விடுமுறை அதைப் பாதிக்காது. பாடத்துக்கும் அதைப்போல் இன்னொரு செடி கிடையாது. இரண்டு வரிசை போடுங்கள். ஒன்றுக்கு, ஆறிய கஞ்சியில் ஒரு கரண்டி ரைசோபியம் (பயறு வேரில் சிறு முடிச்சுகளை உண்டாக்கும் நுண்ணுயிர் உரம்) கலந்து விதையில் பிசறி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி ஊன்றுங்கள். மற்றொன்றுக்கு வெறும் விதை. யூரியா எதற்கும் வேண்டாம், போட்டால் வேர் முடிச்சு குறைந்துபோகும். 35ஆம் நாள் பாத்தியை நனைத்து, வரிசைக்கு இரண்டு செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். வாளித் தண்ணீரில் அலசினால் வேரில் சிறுமணிகள் ஒட்டியிருப்பது தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தில் இருப்பதைப்போன்ற இரும்புச் சத்துள்ள நிறமிதான் அந்தச் சிவப்பு. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சில் வேலை நடக்கவில்லை. எந்த வரிசையில் எத்தனை சிவப்பு என்று பிள்ளைகளே எண்ணி எழுதட்டும்.

தட்டைப்பயறில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி கட்டாயம் வரும். ரசாயன மருந்தைப் பிள்ளைகள் பக்கமே கொண்டுவராதீர்கள். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் அடங்கும்.

உங்களுக்கு விவசாயப் பின்னணி இல்லாதது குறையே அல்ல. மதுரை ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் கிராமத் தங்கல் திட்டத்தில் ஊர்களில் வந்து தங்குகிறார்கள். உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்து, விதையில் ரைசோபியம் பிசறும் நாளுக்கு அவர்களை அழையுங்கள். பிள்ளைகள் கைக்கு மண்வெட்டி கனக்கும். களைக்கொத்து ஆறு வாங்கி வையுங்கள்.