மைசூர் பாகுக்கும் கணக்கில் இடம் உண்டு

எடையைக் குறைக்க கலோரிக் கணக்கோடு சாப்பிடுகிறவர்கள் பண்டிகை, கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள். பாக்கெட்டுகளில் 'கிலோ கலோரி' என்று அச்சடித்திருப்பதும் நாம் 'கலோரி' என்று பேசுவதும் ஒன்றேதான்.

கேள்வி: வயது 38, எடை 72 கிலோ. உணவியல் நிபுணர் எழுதித் தந்த 1,500 கலோரி திட்டத்தில் மூன்று மாதத்தில் நாலு கிலோ இறங்கியிருக்கிறது. தீபாவளிக்கு வீட்டில் மைசூர் பாகும் முறுக்கும் நான்தான் செய்வேன். ஒரு துண்டுகூட வாயில் வைக்கக் கூடாதா? வைக்கலாம் என்றால் எவ்வளவு? (வாசகி, கும்பகோணம்)

தாராளமாக வைக்கலாம். ஆனால் சாப்பிட்ட பிறகு கணக்குப் பார்க்காதீர்கள். காலையிலேயே அந்தத் துண்டை அன்றைய கணக்கில் எழுதிவிட்டு, மற்ற வேளைகளை அதற்குத் தகுந்தாற்போல் அமைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உங்கள் வீட்டு மைசூர் பாகு ஒரு துண்டுக்கு எத்தனை கலோரி என்று தெரிய வேண்டும். செயலிகள் காட்டும் எண் வேறு யாரோ செய்த பாகுக்கு உரியது. நீங்களே செய்வதால் சரியான எண்ணை ஒரே தடவையில் கண்டுபிடித்துவிடலாம். சமையலறைத் தராசு ஒன்று போதும்.

கடலை மாவு 100 கிராம், சர்க்கரை 250 கிராம், நெய் 200 கிராம் எடுத்துக்கொண்டீர்கள் என்று வையுங்கள். மாவு சுமார் 390 கலோரி, சர்க்கரை 1,000, நெய் 1,800. மொத்தம் 3,190. கிளறி முடித்துத் தட்டில் கொட்டியதும் வடிந்து நிற்கும் நெய்யை ஒரு கிண்ணத்தில் சேர்த்து எடை போடுங்கள். 20 கிராம் இருந்தால் 180 கலோரியைக் கழித்துவிடலாம். மிச்சம் 3,010. ஆறிய பிறகு மொத்தப் பாகையும் எடை போட்டால் 530 கிராம் அளவுக்கு வரும். வகுத்தால் கிராமுக்கு 5.7 கலோரி. அப்படியானால் 30 கிராம் துண்டு 170, 50 கிராம் துண்டு 285. பார்வைக்கு இரண்டும் 'ஒரு துண்டு'தான். வித்தியாசம் 115 கலோரி. அதனால் வில்லை போடும்போதே உங்களுக்கு உரியதை 30 கிராமாக வெட்டித் தனி டப்பாவில் வைத்துவிடுங்கள்.

இந்த 170-ஐ எதில் குறைப்பது? மதியச் சாப்பாட்டில் 100 கிராம் சோறு (130 கலோரி), பொரியலில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் (40 கலோரி). முடிந்தது. பருப்பு, கீரை, தயிர், முட்டை இவற்றில் கை வைக்காதீர்கள். இனிப்புக்காக இரவு முட்டையை விட்டவர்களுக்குப் பத்து மணிக்குப் பசி வந்துவிடும். அப்போது கை போவது மறுபடியும் அந்தப் பாகு டப்பாவுக்குத்தான்.

முறுக்குக்கு வருவோம். பண்டிகைக் கணக்குகள் பெரும்பாலும் உடைவது இங்கேதான். அரிசி மாவு 320 கிராம், உளுத்தம் மாவு 80 கிராம், வெண்ணெய் 30 கிராம். இவற்றில் மட்டும் ஏறக்குறைய 1,640 கலோரி. முறுக்கு குடித்த எண்ணெயை அறிய, வாணலியில் ஊற்றும் முன் எண்ணெயை எடை போடுங்கள். பொரித்து முடித்து ஆறிய பிறகு மறுபடி போடுங்கள். 500 கிராம் 385 ஆகியிருந்தால் உள்ளே போனது 115 கிராம், அதாவது 1,035 கலோரி. ஆக மொத்தம் 2,675. முறுக்கின் மொத்த எடை 515 கிராம் என்றால் கிராமுக்கு 5.2. கையளவு முறுக்கு ஒன்று 20 கிராம் இருக்கும். அதாவது 100 கலோரிக்குச் சற்று மேல்.

அந்த 115 கிராம் கூடுவதும் குறைவதும் உங்கள் கையில் இருக்கிறது. எண்ணெய் 170 முதல் 180 டிகிரியில் இருக்க வேண்டும். ஒரு துளி மாவைப் போட்டால் உடனே சலசலத்து மேலே வர வேண்டும். அடியிலேயே கிடந்து மெல்ல எழுந்தால் சூடு போதாது, முறுக்கு எண்ணெய் குடிக்கும். ஒரே ஈட்டில் ஏழெட்டு பிழிந்தாலும் சூடு இறங்கிவிடும். மாவில் தண்ணீர் கூடினாலும், வெண்ணெய் கூடினாலும் இதே கதைதான். பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. வேகும்போது முறுக்குக்குள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் உள்ளே போவது குறைவு. எடுத்து வெளியே வைத்ததும் நீராவி அடங்கும். அப்போதுதான் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை முறுக்கு உள்ளே இழுக்கிறது. எனவே எடுத்த அந்த அரை நிமிடம் முக்கியம். வாணலிக்கு மேலேயே அரிகரண்டியில் பிடித்து நன்றாக உதறி, சூடு ஆறும் முன்பே வடிதட்டில் பரப்புங்கள். ஒன்றன் மேல் ஒன்றாகக் குவித்தால் மேல் முறுக்கின் எண்ணெய் கீழ் முறுக்குக்குப் போகும்.

உடைந்த துண்டுகளுக்கும் ஒரு வார்த்தை. செய்கிறவர் வாயில் அவ்வப்போது போகும் நாலைந்து உடைசல் சேர்ந்தால் ஒரு முழு முறுக்கு. உடைசலுக்கு ஒரு கிண்ணம் வைத்து, எல்லாம் முடிந்த பிறகு 20 கிராம் எடை போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். அன்றைய முறுக்கு அதுதான் என்று வைத்துக்கொண்டால் கணக்கும் தப்பாது, ருசி பார்த்த மாதிரியும் ஆயிற்று.

கேள்வி: வயது 34, ஆண். திங்கள் முதல் சனி வரை 1,700 கலோரி, கறாராக இருக்கிறேன். ஞாயிறு மட்டும் 'சீட் டே', கணக்கே கிடையாது. இரண்டு மாதமாக எடை அசையவில்லை. ஆறு நாள் கட்டுப்பாட்டை ஒரு நாள் கெடுத்துவிடுமா? (வாசகர், மதுரை)

கெடுத்துவிடும். எடை கூடாமலும் குறையாமலும் இருக்க உங்களுக்கு நாளைக்கு 2,200 கலோரி தேவை என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். ஆறு நாளில் நீங்கள் குறைப்பது 3,000. இனி ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை. காலை பூரி நாலு, மசாலா, ஒரு வடை: 700. மதியம் மட்டன் பிரியாணி ஒரு முழு பிளேட்: 900. சிக்கன் 65: 350. மாலை பஜ்ஜியும் ஐஸ்கிரீமும்: 400. இரவு பரோட்டா மூன்று: 900 (ஒரு பரோட்டாவில் மைதா 60 கிராம், எண்ணெய் 10 கிராம், அதுவே 300). மேலே எண்ணெய் மிதக்கும் சால்னா, ஒரு ஆம்லெட்: 380. குளிர்பானம் இரண்டு, காபி இரண்டு: 420. கூட்டினால் 4,050. தேவைக்கு மேல் 1,850 போய்விட்டது. வாரம் முழுக்க வயிற்றைக் கட்டியதில் மிஞ்சியது 1,150 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி என்பதால் அது 150 கிராம்தான். உடம்பின் நீர் எடை நாளுக்கு நாள் ஒரு கிலோ வரை ஏறி இறங்கும்போது இந்த 150 கிராம் கண்ணுக்கே தெரியாது. போதாக்குறைக்கு, வாரநாட்களில் அளக்காமல் விட்ட எண்ணெய் நாளைக்கு இரண்டு தேக்கரண்டி என்றாலும் ஆறு நாளில் 480 போய்விடும்.

ஞாயிறை விட வேண்டாம். 'நாள்' என்பதை 'ஒரு வேளை' என்று மாற்றிக்கொள்ளுங்கள், போதும். அன்றைக்கு 2,200 வரை சாப்பிட்டாலும் வாரத்தின் 3,000 அப்படியே நிற்கும். காலை இரண்டு தோசை, இரண்டு முட்டை, சட்னி: 450. மதியம் அதே பிரியாணி ஒரு பிளேட், சிக்கன் 65-ஐ வீட்டில் இன்னொருவரோடு பாதிப் பாதி: 1,075. மாலை காபியும் ஐஸ்கிரீம் ஒரு கப்பும்: 200. இரவு இட்லி மூன்று, சாம்பார்: 300. மொத்தம் 2,025; இன்னும் 175 கையில் இருக்கிறது. பரோட்டா வேண்டுமென்றால் அது அடுத்த ஞாயிறு, பிரியாணிக்குப் பதிலாக.

'மதியம் பிரியாணி இருக்கிறதே' என்று காலை உணவை விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பன்னிரண்டரை மணிக்கு அகோரப் பசியோடு இலையில் உட்கார்ந்தவர் ஒரு பிளேட்டில் நிறுத்த மாட்டார். நிறுத்த முடியாமல் சாப்பிடுவதும் அதற்காகப் பிறகு பட்டினி கிடப்பதும், வாந்தி எடுப்பதும் மாறி மாறி நடக்கிறது என்றால், கணக்கையெல்லாம் மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஒரே ஒரு கல்யாணச் சாப்பாடு. மறுநாள் காலை எடை பார்த்தால் 1.4 கிலோ கூடியிருக்கிறது. ஒரு மாத உழைப்பு வீணா? (வாசகி, சேலம்)

இல்லை. 1.4 கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் ஏறக்குறைய 10,800 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது நடக்காது. கூடியதில் பெரும்பங்கு தண்ணீர். சோறும் இனிப்பும் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாக (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சேரும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்துக்கொள்ளும். அப்பளம், ஊறுகாய், வற்றல்குழம்பின் உப்பும் தண்ணீரை நிறுத்தும். முந்தைய நாள் சாப்பாடு குடலில் இருக்கும் எடை வேறு. மாதவிலக்கு நெருங்கும் நாட்கள் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும்.

மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள், எப்போதும் போல உங்கள் திட்டத்துக்குத் திரும்புங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் தண்ணீர் இறங்கிவிடும். இனி ஒரு நாள் எடையைப் பார்த்து முடிவு செய்யாமல், ஏழு நாள் காலை எடைகளைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியைப் போன வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் வெல்லம், கருப்பட்டி போட்டால் கலோரி குறையுமா? 'சுகர் ஃப்ரீ' இனிப்புகள்? (வாசகர், திருநெல்வேலி)

வெல்லம் 100 கிராம் சுமார் 380 கலோரி, சர்க்கரை 400. கருப்பட்டியும் கிட்டத்தட்ட அப்படியே. மணத்துக்காகப் போடுங்கள், கலோரிக்காக வேண்டாம்.

சுகர் ஃப்ரீ இனிப்புகள் பலவற்றில் சர்க்கரைக்குப் பதிலாக மால்டிடால் என்ற இனிப்பூட்டி இருக்கும். அதில் கிராமுக்கு இரண்டு கலோரிக்கு மேல் உண்டு. முதல் பதிலில் சொன்ன மைசூர் பாகில் சர்க்கரை முழுவதையும் மால்டிடாலாக மாற்றினாலும் 30 கிராம் துண்டில் குறைவது 25 கலோரி அளவுதான்; நெய் அப்படியே இருக்கிறதே. அதை நம்பி மூன்று துண்டு சாப்பிட்டவருக்குக் கலோரியும் கூடும், வயிறும் உப்பும், சிலருக்குப் பேதியும் ஆகும்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். விசேஷ நாளில் இனிப்புக்காக இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார். சரியா? (வாசகி, யாழ்ப்பாணம்)

தவறு, ஆபத்தும்கூட. அந்த மாத்திரை கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். நேரத்துக்குச் சாப்பாடு போகாவிட்டால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பரிசோதியுங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அவருக்கு ஏற்றது இது: சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கிற நாளில், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு 15 கிராம் மைசூர் பாகு. அதில் மாவுச்சத்து ஏறக்குறைய ஒன்பது கிராம். சோற்றில் இரண்டு மேசைக்கரண்டி குறைத்தால் ஈடாகிவிடும். வெறும் வயிற்றில் வேண்டாம். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பரிசோதித்து எழுதி வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஐஸ்கிரீம் பெட்டியில் 100 கிராமுக்கு 200 கலோரி என்று இருக்கிறது. 100 மில்லி கப் சாப்பிட்டால் 200-ஆ? (வாசகர், கோவை)

இல்லை. ஐஸ்கிரீம் அடிக்கும்போது காற்று சேருகிறது. 100 மில்லி கப்பில் பொதுவாக 50 முதல் 60 கிராம்தான் இருக்கும். ஆக 100 முதல் 120 கலோரி. குல்ஃபியில் காற்று கிடையாது, அதை எடையாலேயே கணக்கிடுங்கள்.

கேள்வி: எனக்குப் பண்டிகை எல்லாம் பிரச்சினை இல்லை. தினமும் மதியம் சாப்பிட்டதும் கொஞ்சம் இனிப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் சாயங்காலம் பிஸ்கட் பாக்கெட்டையே காலி செய்துவிடுகிறேன். (வாசகி, சென்னை)

அப்படியானால் தினமும் சாப்பிடுங்கள், 100 கலோரிக்குள். 20 கிராம் கடலை மிட்டாய் ஒன்று அந்த அளவுதான், நிலக்கடலை இருப்பதால் வயிற்றிலும் நிற்கும். ஜாடியாக வாங்காதீர்கள், தனித்தனியாகச் சுற்றியது ஏழு வாங்கினால் ஒரு வாரம்.

சாப்பாட்டைத் தொடாமலே இதற்கு இடம் பண்ணலாம். நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் 100 மில்லி பால், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் சர்க்கரை மட்டும் 120 கலோரி. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மாறினால் 300 மில்லிக்கு 80 கலோரிக்கு மேல் மிச்சம். சர்க்கரையை ஒரு தேக்கரண்டியாக்கினால் இன்னும் 60. ஆக 140.

உலக சுகாதார நிறுவனம், சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 1,500 கலோரி திட்டத்தில் அது முறையே 37 கிராம், 18 கிராம். இப்போது உங்கள் காபியே 30 கிராம் எடுத்துக்கொள்கிறது. பாதியாக்கினால் 15. மிட்டாயில் இருக்கும் எட்டு, பத்து கிராம் வெல்லத்தைச் சேர்த்தாலும் 25-ல் நிற்பீர்கள். சர்க்கரையை ஒரே நாளில் பாதியாக்கினால் காபி கசந்து மறுபடி பழைய அளவுக்கே போய்விடுவீர்கள். வாரத்துக்குக் கால் தேக்கரண்டியாகக் குறையுங்கள். நாலு வாரத்தில் வந்துவிடும்.