நீந்தக் கூடாது, படகில் போகலாம்: ஏன்?

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்கரையில் 'நீரில் இறங்காதீர், படகுச் சவாரிக்குத் தடையில்லை' என்று பலகை வைத்திருக்கிறார்கள். தண்ணீரோ அடித்தரை தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. மாசடைந்த நீர் என்றால் இரண்டுக்குமே ஆகாதுதானே?

பதில்: பலகையில் முரண்பாடு இல்லை. பொழுதுபோக்குக்கான நீரின் தரம், அந்த நீர் நம் உடலுக்குள் எவ்வளவு போகும் என்பதை வைத்தே மதிப்பிடப்படுகிறது. நீச்சல் குளத்தில் நடந்த ஓர் ஆய்வில், முக்கால் மணி நேர நீச்சலில் பெரியவர்கள் சராசரியாக 16 மில்லிலிட்டரும் சிறுவர்கள் 37 மில்லிலிட்டரும் நீரை விழுங்கியது தெரியவந்தது. படகில் போகிறவர் மீது துடுப்பு தெறிக்கும் சில துளிகள் படும், அவ்வளவுதான்.

தெளிவை மட்டும் நம்பிவிடாதீர்கள். மலக்கழிவு கலந்திருப்பதற்கு அடையாளமாகச் சோதிக்கப்படுவது ஈ.கோலை என்னும் நுண்ணுயிர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012இல் வெளியிட்ட பரிந்துரைகளில் ஒன்று, நீந்தும் நீரில் 100 மில்லிலிட்டருக்குச் சராசரியாக 126க்கு மேல் அது இருக்கக் கூடாது என்கிறது. அதைப் போலப் பல மடங்கு இருந்தாலும் அரை டம்ளர் நீர் சற்றும் கலங்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த நுண்ணுயிரை வளர்த்து எண்ணும் வழக்கமான சோதனைக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆவதால், இன்று கிடைக்கும் முடிவு நேற்றைய நீரைப் பற்றியது. இடையில் பெருமழை பெய்து, தெருக்கழிவையெல்லாம் ஏரிக்குள் அடித்துச் சென்றிருந்தால், அந்த முடிவுக்கு மதிப்பில்லை. எனவே பலகையில் தடை இல்லாத நாளிலும், பெருமழைக்குப் பின் இரண்டு நாளாவது நீரில் இறங்காமல் இருப்பதே நல்லது.

படகையும் தவிர்க்க வேண்டிய சமயம் ஒன்று உண்டு. உரமும் கழிவுநீரும் சேர்ந்து ஊட்டம் மிகுந்த ஏரியில், வெயில் காலத்தில் நீலப்பச்சைப் பாசி பெருகி, நீர்மட்டத்தில் பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் படரும். கரையில் நின்றபடியே ஒரு நீண்ட குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள்: தலைமுடிபோல் இழையிழையாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி, குச்சியில் பெயிண்ட் பூசியதுபோல் அப்பிக்கொண்டால் நீலப்பச்சைப் பாசி என்று ஐயுற்று விலகிவிடுங்கள். அது உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சுக்கு, பொழுதுபோக்கு நீரில் லிட்டருக்கு 24 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வரம்பு குறித்திருக்கிறது. கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நாயைக் கூட்டிச் செல்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்; நீரில் இறங்கிய நாய் ஈர உடலை நக்கியே நஞ்சை உட்கொண்டுவிடும்.