29 பூத்துக்கும் ஆள் இருக்கிறதா?

கேள்வி: சென்னையில் 320 வீடுகள் உள்ள குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் நான். வயது 46. மழைநீர் வடிகால், தெருவிளக்கு என்று பத்து வருடமாக மண்டல அலுவலகத்துக்கு அலைந்து வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நில்லுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிற்கலாமா? எவ்வளவு செலவாகும்? எப்போது வேலையைத் தொடங்குவது? சங்கப் பதவியை விட வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சொல்கிற எல்லோரும் அந்த 320 வீட்டுக்காரர்கள்தானே? கணக்கு அங்கேதான் இடிக்கிறது. 2022 தேர்தலில் சென்னையின் 200 வார்டுகளுக்கும் சேர்த்து வாக்காளர்கள் சுமார் 61 லட்சம் பேர். சராசரியாக வார்டுக்கு 30 ஆயிரம் ஓட்டு, 29 பூத். உங்கள் சங்கத்தில் அத்தனை பேரும் உங்களுக்கே குத்தினாலும் எண்ணூறு, தொள்ளாயிரம் தேறும். ஒரே ஒரு பூத்தின் கணக்கு அது.

நல்ல செய்தியும் அதே கணக்கில் இருக்கிறது. அந்தத் தேர்தலில் சென்னையில் பதிவானது சுமார் 43 விழுக்காடுதான். அதாவது வார்டுக்கு ஏறக்குறைய 13 ஆயிரம் ஓட்டு. நான்கைந்து முனைப் போட்டியில் அது பிரியும்போது ஐயாயிரம் எடுத்தவர் கவுன்சிலர். அப்படியும் 200 பேரில் சுயேச்சைகள் 5 பேர்தான் ஜெயித்தார்கள். நடக்காத காரியம் இல்லை, லேசான காரியமும் இல்லை.

முதல் வேலை வாக்காளர் பட்டியல். 2025 இறுதியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் சென்னையில் ஏராளமான பெயர்கள் நீங்கின. மேலே சொன்ன சராசரியை நம்பாமல், உங்கள் வார்டுக்குள் வரும் பாகங்களின் (ஒரு பூத்துக்குரிய பட்டியல் ஒரு பாகம்) இப்போதைய பட்டியலை அச்செடுத்துக் கையில் வையுங்கள். ஒரு பூத்துக்கு ஒரு நோட்டு. அந்தத் தெருவிலேயே இருக்கும் ஒருவரோடு உட்கார்ந்து, பெயர் பெயராகப் பென்சிலால் குறியுங்கள்: இங்கேயே இருப்பவருக்கு ஒரு கோடு, வீடு மாறியவருக்கு 'மா', இறந்தவருக்கு 'இ', ஆள் இருந்தும் பட்டியலில் இல்லாதவருக்குக் கடைசிப் பக்கத்தில் தனி வரிசை. அந்தத் தனி வரிசையில் இருப்பவர்களை உடனே பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுக்க வையுங்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கான பட்டியல், சட்டமன்றப் பட்டியலை வார்டு வாரியாகப் பிரித்துத் தயாராவதுதான். அதில் இல்லாத பெயர் இதிலும் இருக்காது. ஒரு தெருவின் எதிர்ச்சாரி பக்கத்து வார்டில் போய் விழுவதும் உண்டு. இது தெரியாமல் எதிர்ச்சாரியில் மூன்று நாள் ஓட்டுக் கேட்டு வீணாக்கியவர்கள் பலர்.

எப்போது தொடங்குவது? 2022ஐப் பாருங்கள். ஜனவரி 26இல் அறிவிப்பு, 28இல் மனுத்தாக்கல் தொடக்கம். பிப்ரவரி 7இல் மனுவை வாபஸ் பெறும் நேரம் முடிந்த பிறகுதான் சுயேச்சைகளுக்குச் சின்னம். 17ஆம் தேதி மாலை 6 மணிக்குப் பிரச்சாரம் ஓய்ந்தது. சின்னத்தோடு ஓட்டுக் கேட்கக் கிடைத்தது 10 நாள். உங்கள் வார்டில் பத்தாயிரம் வீடு இருந்தால் நாளைக்கு ஆயிரம் கதவு, ஒருவரால் ஆகாது. ஆகவே சின்னம் வருமுன்பே முகத்தையும் பெயரையும் அறிமுகப்படுத்தி முடித்துவிட வேண்டும். அந்த 10 நாளும் சின்னத்தைக் காட்ட மட்டும். இப்போதைய மன்றம் 2022 மார்ச்சில் பொறுப்பேற்றது, பதவிக்காலம் 5 ஆண்டு. மிச்ச நாளை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். அதுவரை உங்கள் தெருவைத் தாண்டி மற்ற பகுதி சபைக் கூட்டங்கள் (வார்டைப் பகுதிகளாகப் பிரித்து மக்களிடம் குறை கேட்கும் கூட்டங்கள்) எப்போது நடக்கின்றன என்று விசாரித்து, அங்கே வரும் புகார்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் சங்கத்துக்கு வடிகால் பிரச்சினை என்றால், நாலு தெரு தள்ளி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலப்பது பிரச்சினையாக இருக்கும். பொதுவாக வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறவர்கள் அவர்கள்தான். அடுக்குமாடிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் வாழ்த்துச் சொல்வதோடு சரி.

ஆனால் ஒதுக்கீட்டு அரசாணை வரும்வரை நோட்டீஸ் எதையும் அச்சடிக்காதீர்கள். உங்கள் வார்டு பொது, பெண்கள், எஸ்.சி. என எந்தப் பிரிவில் வருகிறது என்பது அதில்தான் உறுதியாகும். உங்கள் பெயர் இதே மாநகராட்சியின் பட்டியலில் இருந்தால் வேறு வார்டிலும் நிற்கலாம். முன்மொழிபவர் மட்டும் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். மனு தள்ளுபடியாவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான். சொத்து வரி, தொழில் வரி, கடை இருந்தால் உரிமக் கட்டணம் எல்லாவற்றையும் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உறுதிமொழிப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், கோடும் இழுக்காதீர்கள். நகை இல்லையா, 'இல்லை' என்று எழுதுங்கள். கடைசி நாள் மதியம் போனால் பிழையைத் திருத்த நேரமிருக்காது. முதல் இரண்டு நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.

செலவு: 2022இல் டெபாசிட் 4,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளர்களுக்கு 2,000. சென்னை வார்டுக்குச் செலவு உச்சவரம்பு 90,000 ரூபாய். அடுத்த முறை மாறலாம், அறிவிப்பில் சரிபாருங்கள். நோட்டீஸில் அச்சகத்தின் பெயர் இல்லாவிட்டால் புகார் வரும். தினமும் இரவு டீச் செலவு வரை எழுதி, முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டு மூன்று ஆண்டு போட்டியிடத் தடை வாங்கியவர்கள் நிறைய.

நிற்கலாமா என்பதற்கு வருவோம். பூத் ஏஜென்ட்டாக உட்கார 29 பேர், மாற்றுக்கு 29 பேர், ஆக 58 பெயர்களை எழுதிப் பாருங்கள். ஒவ்வொருவரும் அந்தந்தப் பூத்துக்காரராக இருக்க வேண்டும்; முகம் தெரிந்தவரால்தான் கள்ள ஓட்டைத் தடுக்க முடியும். வாக்குப்பதிவு தொடங்குமுன் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கு அவர் விடியற்காலையில் போய்ச் சேர வேண்டும். 2022இல் நாம் யாருக்குப் போட்டோம் என்று காட்டும் விவிபேட் சீட்டு இல்லை. அதனால் உங்கள் பட்டனை அழுத்தி, எண்ணிக்கையில் சரியாக விழுகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. மாலையில் மொத்தம் பதிவான ஓட்டுக் கணக்கின் நகலை வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது. பட்டியலில் 20 பூத்துக்குக் குறைவாகப் பெயர் விழுந்தால் இந்த முறை நிற்காதீர்கள். 25ஐத் தாண்டினால் தாராளமாக நில்லுங்கள்.

சங்கச் செயலாளராக இருப்பது போட்டிக்குத் தடையில்லை. ஆனாலும் மனுப் போடும் முன் விலகிவிடுவதே நல்லது. சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் சந்தா கட்டுகிறார்கள். சங்கத்தின் மைக் செட்டை ஒரு நாள் எடுத்தாலும் அதற்கு வாடகை ரசீது போட்டு, உங்கள் தேர்தல் கணக்கில் எழுதுங்கள்.