இரவல் கொடுக்கும் உரிமை

அன்புள்ள ஐயா,

நான் நியூஜெர்சியில் வசிக்கிறேன். 2025 ஏப்ரல் 2 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற வீடியோ கேம் கருவியின் அறிமுக நிகழ்ச்சியை என் பத்து வயது மகனுடன் சேர்ந்து பார்த்தேன். அவனுக்கு ஒரே குதூகலம். மறுநாள் புதிய விளையாட்டுகளை நேரலையில் ஆடிக்காட்டினார்கள். ஓரத்தில் ஓடிய சாட் முழுக்க ‘விலையைக் குறை, விலையைக் குறை’ என்பது மட்டும்தான். “ஏம்ப்பா எல்லாரும் கோவமா இருக்காங்க?” என்று கேட்டான். எனக்கு வெட்கமாகப் போய் சாட்டை மூடிவிட்டேன். பல வருடம் உழைத்து ஒன்றைச் செய்து காட்டுகிறவர்களை இப்படியா வரவேற்பது? ஜூனில் கருவி விற்பனைக்கு வந்து நான்கே நாளில் 35 லட்சத்துக்கும் மேல் விற்றது. திட்டியவர்களேதான் வாங்கியிருப்பார்கள். நானும் வாங்கினேன். இந்தக் கோபத்துக்கு ஏதாவது மதிப்பு உண்டா, அல்லது வெறும் நன்றிகெட்டதனமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக நான் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்த விஷயத்தில் உங்கள் கடிதம் வந்து முட்டியது. அதனால்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

நன்றிகெட்டதனம் என்ற பேச்சை முதலில் விடுங்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் விற்கிறவருக்கு எந்த நன்றிக்கடனும் படவில்லை. சந்தையில் கத்தரிக்காய் விலையைக் கேட்டு முகம் சுளிக்கிற அம்மாவை நன்றிகெட்டவள் என்பீர்களா? 2017இல் 299.99 டாலருக்கு வந்த கருவியின் அடுத்த வடிவம் 449.99 டாலருக்கு வந்தது. அதில் ஆட ஒரு விளையாட்டு 79.99 டாலர். முணுமுணுக்கத்தான் செய்வார்கள். முடிந்தவர் வாங்குவார், முடியாதவர் காத்திருப்பார். திட்டியவர்களேதான் வாங்கினார்கள் என்பது உங்கள் ஊகம். அப்படியே இருந்தாலும் அதில் தப்பில்லை. விலையைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறொரு கோபத்தை.

2013 மே 21 அன்று ரெட்மண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற வீடியோ கேம் கருவியை அறிமுகம் செய்தது. மேடையில் அந்தப் பிரிவின் தலைவர் டான் மேட்ரிக். டிவி, கால்பந்து ஒளிபரப்பு, மறுபடியும் டிவி என்று நிகழ்ச்சி போய்க்கொண்டே இருந்தது. வீடியோ கேமுக்காக வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அதோடு போயிருந்தால் கேலி செய்துவிட்டு மறந்திருப்பார்கள். நிகழ்ச்சி முடிந்து நிருபர்கள் கேட்ட கேள்வியில்தான் வினை தொடங்கியது. நான் வாங்கிய விளையாட்டு டிஸ்க்கை நண்பனிடம் கொடுத்தால் அவன் கருவியில் ஓடுமா? இதற்கு ஆளுக்கொரு பதில் வந்தது.

ஜூன் 6 அன்று நிறுவனமே எழுத்தில் வெளியிட்டது. கருவி 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும். தவறினால் ஆட முடியாது. டிஸ்க்கை நண்பனுக்குக் கொடுத்துவிடலாம், ஆனால் அவன் உங்கள் நண்பர் பட்டியலில் குறைந்தது 30 நாள் இருந்திருக்க வேண்டும். அதுவும் ஒரு விளையாட்டு ஒரே ஒரு முறைதான் கைமாறலாம். இரவலும் வாடகையும் ஆரம்பத்தில் கிடையாது.

வாங்கிய பொருளை யாரிடம் கொடுக்கலாம் என்று விற்றவன் வந்து சொல்வதா? கொதித்துப் போனார்கள். இணைய வசதி இல்லாதவர்களுக்கு எங்களிடம் ஒரு பொருள் இருக்கிறது, அதன் பெயர் எக்ஸ்பாக்ஸ் 360 என்று மேட்ரிக் ஒரு பேட்டியில் சொன்னார். பழைய கருவியோடு இருந்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். எரிகிற தீயில் எண்ணெய்.

ஜூன் 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் மைக்ரோசாஃப்ட் தன் விலையைச் சொன்னது: 499 டாலர். அன்று மாலையே போட்டி நிறுவனமான சோனியின் மேடையில் அதன் அமெரிக்க வீடியோ கேம் பிரிவின் தலைவர் ஜாக் ட்ரெட்டன், தங்கள் புதிய கருவியான பிளேஸ்டேஷன் 4இல் டிஸ்க்கை விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம், காலம் முழுக்க வைத்துக்கொள்ளலாம், எந்தத் தடையும் இல்லை என்றார். அரங்கமே அதிர்ந்தது. கடைசியில் வந்த விலை 399 டாலர். விளையாட்டைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்று சோனி ஒரு குட்டி வீடியோவும் விட்டது. ஒருவர் டிஸ்க் பெட்டியைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுகிறார். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் வீடியோ.

ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் எல்லாத் தடைகளையும் விலக்கிக்கொண்டது. அறிமுகமாகி ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ஜூலை 1 அன்று மேட்ரிக் வேறு நிறுவனத்துக்குப் போகிறார் என்ற செய்தி வந்தது. பழைய திட்டத்தில் பத்துப் பேர் வரை குடும்பமாக விளையாட்டுகளைப் பகிர்ந்துகொள்ளும் வசதி இருந்தது. தடைகளோடு அதுவும் போனதால், பழையதையே திருப்பிக் கொடுங்கள் என்று கையெழுத்து வாங்கியவர்களும் உண்டு. அவர்கள் கேட்டதும் நியாயம்தான்.

கத்தியதால் மட்டும் ஜெயிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எதிரே இன்னொரு கடை நூறு டாலர் குறைவாகத் திறந்திருந்தது. நீங்கள் பார்த்த சாட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் தன் கருவிகளின் விலையை ஏற்றியது.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளில் விருதுநகரில் எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளுக்கு வீடியோ கேம் வந்திருந்தது. ஜப்பான் கருவியைப் பார்த்துச் செய்த மலிவு மாடல், டிவியில் செருகி ஆட வேண்டும். அதற்குள் போடுவதை நாங்கள் கேசட் என்போம். என் சித்தி மகன் வீட்டில் வீடியோ கேம் மட்டுமில்லை, டிவியே இல்லை. முழுப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினான். என்ன வேண்டும் என்று சித்தப்பா கேட்டதற்கு, கேசட் வேண்டும் என்றான்.

“டிவியே இல்லாத வீட்டுக்குக் கேசட் எதுக்குடா?”

சித்தப்பா திட்டினாலும் வாங்கிக் கொடுத்துவிட்டார். மஞ்சள் கேசட். அதன் ஸ்டிக்கரில் பால்பாயிண்ட் பேனாவால் தன் பெயரையும் வகுப்பையும் எழுதினான். வழவழப்பில் மை பிடிக்கவில்லை என்று அழுத்தி அழுத்தி எழுதியதில் படத்தில் இருந்த கார் பாதி கிழிந்துபோனது. அதுவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்த்தவனை, கேசட் வந்த பிறகு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவன் கொண்டுவந்த விளையாட்டு அந்த வீட்டில் இல்லை, காரணம் அதுதான். ஒரு வீட்டில் ஒரு வாரம் தன் கேசட்டைக் கொடுத்துவிட்டு அவர்களுடையதை வாங்கிக்கொள்வான். அதை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவான். அந்தக் கோடை லீவில் தெருவிலேயே அதிக விளையாட்டுகளை ஆடி முடித்தவன், சொந்தமாகக் கருவி இல்லாத அவன்தான்.

ஆளுக்கொரு இணையக் கணக்கு, அந்தக் கணக்கோடு கட்டிப்போட்ட விளையாட்டு என்று அன்று இருந்திருந்தால் அவன் அந்த ஜன்னலுக்கு வெளியேதான் நின்றிருப்பான். 2013இல் கொதித்தவர்களைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று எழுதியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

நீங்கள் இருக்கும் நாட்டிலேயே இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஒரு டாலருக்குக் குறைவாக விற்கக் கூடாது என்று பாப்ஸ்-மெரில் பதிப்பகம் ஒரு நாவலுக்குள்ளேயே அச்சடித்து வைத்தது. நியூயார்க்கின் மேசீஸ் கடை அதை 89 சென்ட்டுக்கு விற்றது. 1908இல் உச்ச நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது: ஒருமுறை விற்றாகிவிட்டால் அந்தப் பிரதியின் மேல் பதிப்பாளரின் பிடி முடிந்தது. உங்கள் ஊர் நூலகமும் பழைய புத்தகக் கடையும் அந்தக் கொள்கையின் நிழலில்தான் நடக்கின்றன. டவுன்லோடு வந்தபோது அந்தப் பிடி வேறு வழியாகத் திரும்பி வந்தது. பட்டனை அழுத்திக் காசு கட்டியதும் உங்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், இதைக் கடைக்காரர்கள் வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே போட வேண்டியிருந்தது.

இனி உங்களை, என்னை, எல்லோரையும் சேர்த்துத் திட்டப்போகிறேன். 2013இல் அவ்வளவு சத்தம் போட்டு மீட்டதை வாடிக்கையாளர்களே பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் கைவிட்டோம். டிஸ்க் போட இடமே இல்லாத எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020இல் வந்தது. 2024இல் வந்தபோது பிளேஸ்டேஷன் 5 ப்ரோவின் விலை 699.99 டாலர், டிஸ்க் டிரைவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இந்த முறை யாரும் மேடையேறி இரவல் கூடாது என்று சொல்லவில்லை. எழுந்து கடைக்குப் போகாமல் வாங்கலாம் என்றார்கள், அது போதுமாக இருந்தது நமக்கு. மிரட்டினால் சீறுகிறோம், சௌகரியத்தைக் காட்டினால் எதையும் கொடுத்துவிடுகிறோம்.

உங்கள் ஸ்விட்ச் 2க்கே வாருங்கள். டவுன்லோடு செய்த விளையாட்டை உங்கள் குடும்பக் குழுவில் இருப்பவருக்கு இரண்டு வாரம் இரவல் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுக்க வேண்டுமானால் அவனையும் குடும்பக் குழுவில் சேர்க்க வேண்டும். அப்புறம் கடையில் பெட்டியில் விற்கும் கேம்-கீ கார்டு. அதை இரவல் கொடுக்கலாம், விற்கலாம், அந்த மட்டில் நல்லது. ஆனால் கார்டுக்குள் விளையாட்டு கிடையாது, திறக்கும் சாவி மட்டும்தான். முழு விளையாட்டையும் சர்வரிலிருந்து இறக்க வேண்டும். சர்வர் நின்றுவிட்டால் அதன் பிறகு இறக்கவே முடியாது. இதே நிறுவனம் தன் பழைய வீ (Wii) கருவியின் இணையக் கடையை 2019 ஜனவரியில் மூடியது.

உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு நீங்கள் சாட்டை மூடியது சரியில்லை. ‘விலை அதிகம்னு சொல்றாங்கப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பத்து வயதுப் பையனுக்குப் புரியாத விஷயமா அது? அவன் கோபக்காரர்களைப் பார்த்துக் கெட்டுப்போக மாட்டான்.

அடுத்த விளையாட்டு வாங்கும்போது அவனையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். பெட்டியின் முன்பக்கம், கீழ் ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கேம்-கீ கார்டு என்றால் அங்கேயே போட்டிருப்பார்கள். மாரியோ கார்ட் வேர்ல்ட் முழுதாகக் கார்டிலேயே இருக்கிறது. அவ்வளவு பெரிய சைபர்பங்க் 2077ஐக்கூட 64 ஜிபி கார்டில் முழுதாகப் போட்டுக் கொடுத்தார்கள் (அது பெரியவர்களுக்கானது, அவனுக்கு வேண்டாம்). மனமிருந்தால் முடிகிறது. அப்படிப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். அவன் வகுப்பில் யாராவது இரவல் கேட்டால் கொடுக்கட்டும். தொலைத்துவிடுவான், உடைத்துவிடுவான் என்று நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள்.

அன்புடன்